எலும்பில் நெருக்கம், இரைப்பையில் தூரம்

(மாட்டுப் பொங்கலை ஒட்டி, பால் உற்பத்தியாளர்கள் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஓர் எலும்பு வைத்திருக்கிறேன். பசுவின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே நேராக இறங்கும் எலும்பு. கையில் எடுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடுகிறது. விரலால் தடவினால் தெரியும். அடிமுனை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கன்று தாயின் வயிற்றில் சிறு கருவாக இருக்கும்போது இது இரண்டு எலும்பு. வளர வளர ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடுகிறது. ஒட்டிய தடம்தான் அந்தப் பள்ளம்.

அந்த இரண்டு எலும்பும் உங்கள் கையிலும் இருக்கின்றன. புறங்கையை அழுத்தித் தடவுங்கள். நடுவிரலுக்கு நேரே ஒன்று, மோதிர விரலுக்கு நேரே ஒன்று தட்டுப்படும். அவைதாம் இவை. அப்படியானால் மாட்டின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்கிற இடம் எது? அது மணிக்கட்டு. முழங்கை இன்னும் மேலே, நெஞ்சோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. மாடு தன் நடுவிரல் நுனியிலும் மோதிர விரல் நுனியிலும் நிற்கிறது. பிளவுபட்ட குளம்பு என்பது அந்த இரண்டு விரலின் நகம். குளம்புக்குப் பின்னால் சற்று மேலே, தரையில் படாமல் தொங்குகிற இரண்டு சிறு குளம்புகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவை ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கட்டைவிரல் மட்டும் காணாமல் போய்விட்டது.

பின்னங்காலும் அப்படியே. பின்பக்கமாகக் கூர்ந்து நிற்கிற மூட்டை முட்டி என்று நினைத்தால், முட்டி பின்னோக்கி மடங்குகிற விசித்திரப் பிராணியாக மாடு தெரியும். அது முட்டி இல்லை, குதிகால். உண்மையான முழங்கால், சில்லு எலும்போடு, அடிவயிற்றை ஒட்டித் தோலுக்குள் மறைந்திருக்கிறது. நாம் உள்ளங்காலை முழுக்கத் தரையில் ஊன்றி நடக்கிறோம். மாடு குதிகாலை வாழ்நாள் முழுவதும் தூக்கிக்கொண்டே நடக்கிறது.

வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். மாட்டைப் படுக்க வைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு காலுக்கு இரண்டு துண்டாக இரும்பை வைத்து ஆணி அடிப்பார்கள். மாடு துடிக்காது. நகத்தின் வெளி விளிம்பை வெட்டினால் நமக்கு எப்படி வலிக்காதோ அப்படித்தான். ஆனால் லாடக்காரர் ஆணியை வெளிப்பக்கமாகச் சாய்த்தே அடிப்பார். கொஞ்சம் உள்ளே போனால் நகத்தடி உயிர்ச்சதையில் ஏறி, மாடு நொண்டும். உடற்கூறு படிக்காமலே அந்த எல்லை அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி தோளுக்கு வருகிறேன். உங்கள் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் காறை எலும்பு இருக்கிறது. அதுதான் கையை உடம்போடு எலும்பால் இணைக்கிறது. கையைப் பக்கவாட்டில் நீட்டவும், மரம் ஏறவும், குழந்தையைத் தூக்கவும் நமக்கு அது வேண்டும். மாட்டுக்குக் காறை எலும்பே கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்புத் தொடர்பு எதுவுமில்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் அதன் நெஞ்சுக்கூடு தசைகளாலேயே தொங்குகிறது. நானூறு கிலோ உடம்பில் பாதிக்கு மேற்பட்ட பாரம் அந்தத் தசைகளின் மேல்தான் இருக்கிறது. மாடு ஓடிவந்து குதித்து நின்றாலும் முதுகெலும்பு அதிராமல் தாங்குவது அந்த அமைப்பு.

தோளைச் சொன்னால் திமிலைச் சொல்லாமல் விட முடியாது. காங்கேயம், புலிக்குளம் மாடுகளிடம் நாம் போற்றுகிற திமில், கொழுப்பும் தசையும் சேர்ந்தது. அந்தத் தசை நம் முதுகிலும் இருக்கிறது. தோள்பட்டைகள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து நெஞ்சை நிமிர்த்துங்கள். முதுகுத்தண்டுக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு தசை இறுகும். நமக்கு அது சட்டைக்கு வெளியே தெரியாத மெல்லிய பட்டை. நாட்டு மாட்டுக்கு அது மலைபோல் எழுந்திருக்கிறது. சல்லிக்கட்டில் ஒரு வீரன் திமிலை அணைக்கிறானே, அப்போது அவனும் தன் முதுகில் அதே தசையை இறுக்கிக்கொண்டுதான் அணைக்கிறான். சீமை மாட்டுக்கு அந்தத் தசை உண்டு, திமில் இல்லை.

எண்ணிக்கையில் சில ஒற்றுமைகள் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தெலும்பு அதற்கும் 7, நமக்கும் 7. விலா எலும்பு நமக்கு 12 ஜோடி, அதற்கு 13. பல் இருவருக்குமே 32. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது; அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான். கீழே முன்பல் 8. மற்ற 24-ம் கடைவாயில். சந்தையில் வாயைத் திறந்து "ரெண்டு பல்லு, நாலு பல்லு" என்று வயதைக் கணிப்பது இந்த எட்டைப் பார்த்துத்தான். பால்பல் விழுந்து, ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் வருகிறது.

இதயம் இருவருக்கும் நான்கு அறை. நம்முடையது சுமார் 300 கிராம். பசுவுடையது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். துடிப்பு நமக்கு நிமிடத்துக்கு எழுபது சொச்சம் என்றால் பசுவுக்கும் அறுபதிலிருந்து எண்பதுக்குள். நாடி பார்க்க நமக்கு மணிக்கட்டு, மாட்டுக்கு வாலின் அடிப்பக்கம். இன்னொரு விஷயம் மருத்துவம் படித்தவர்களையும் வியக்க வைக்கும். வளர்ந்த மாட்டின் இதயத்துக்குள் சிறு எலும்பு இருக்கிறது. பெரிய இரத்தக்குழாய் புறப்படுகிற இடத்தில், வால்வுகளைத் தாங்கி நிற்கிறது. நமக்கு அந்த இடத்தில் நார்த்திசு மட்டும். உடல் வெப்பமும் வேறு. 101 டிகிரி என்றால் நமக்குக் காய்ச்சல். மாட்டுக்கு அதுதான் சாதாரண வெப்பம். கை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இந்த நெருக்கத்தால் மனிதன் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோ நகரத்து மருத்துவமனையில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்நாளில் அந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை. பேன்டிங், பெஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்பவர் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு போட்ட ஊசியில் பையனின் சர்க்கரை இறங்கியது. மாட்டு இன்சுலின் மனித உடம்பில் வேலை செய்தது எப்படி? இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். பிரெடரிக் சாங்கர் அந்த வரிசை முழுவதையும் 1955-இல் கண்டறிந்தார். 1958-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்ததும் மாட்டு இன்சுலின்தான். மனித இன்சுலினுக்கும் அதற்கும் வித்தியாசம் மூன்றே இடத்தில். 1980-களில் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கும்வரை, அறுபது ஆண்டுகள், இன்சுலின் தேவைப்பட்ட உலகத்துச் சர்க்கரை நோயாளிகள் மாட்டையும் பன்றியையும் நம்பித்தான் உயிரோடு இருந்தார்கள்.

இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. மாட்டின் அந்த உறையைப் பதப்படுத்தி வெட்டித் தைத்து, மனித இதயத்துக்கு வால்வு செய்கிறார்கள். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்ற மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாகவே முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பெருந்தமனி வால்வு பொருத்தினார். அந்த வால்வின் இதழ்கள் மாட்டின் இதய உறைதான். இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் அப்படிப்பட்ட வால்வு வைக்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே ஒருவர் நெஞ்சில் அது துடித்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் நமக்கு ஒரு மயக்கம் வருகிறது. மாடும் நம்மைப் போலத்தான், நமக்கு நல்லது அதற்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்த பல சாவுகளுக்குக் காரணம் கொடுமை அல்ல, இந்த நினைப்புத்தான். அதனால் வித்தியாசத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில் பிரசவம். நாள்கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இருவருக்கும் 280 நாளை ஒட்டி. ஆனால் நஞ்சுக்கொடி வேறு. மனிதத் தாயின் நஞ்சுக்கொடி ஒரே வட்டத் தட்டு. அது தாயின் இரத்தத்திலேயே நேராக நனைந்து நிற்கிறது. அதன் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குப் போய்விடுகின்றன. பிறக்கும்போதே பிள்ளை கையில் கொஞ்சம் ஆயுதத்தோடுதான் பிறக்கிறது. பசுவின் கருப்பையில் நஞ்சுக்கொடி நூறு இடத்தில் பொத்தான்போல் ஒட்டியிருக்கிறது. தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் நடுவில் அடுக்குகள் அதிகம். எதிர்ப்புப் பொருள் அவற்றைத் தாண்டாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது.

அதற்கு எதிர்ப்புச் சக்தி வர ஒரே வழி சீம்பால். அதில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பெரிய புரதங்கள்; அவற்றைக் கன்றின் குடல் அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஆனால் பிறந்த சில மணி நேரம் மட்டும். நேரம் ஆக ஆக அந்த வழி சுருங்கி, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் என்று இன்னும் பல ஊரில் கட்டி வைக்கிறார்கள். நஞ்சு விழ பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் நல்ல நேரம் பாதி போய்விடும். கன்று எழுந்து நிற்கத் தடுமாறினால் நீங்களே பிடித்து மடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வயிறார முதல் சீம்பால் போக வேண்டும். கன்று குடித்து மிச்சமிருந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், வெல்லம் போட்டுக் காய்ச்சிச் சாப்பிடுங்கள். சரியாகக் கன்று ஊட்டும் பழக்கம் இருந்தால் நஞ்சும் சீக்கிரம் விழும். கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் மடியில் பாலை இறக்குகிறது, கருப்பையையும் சுருங்க வைக்கிறது. மனிதத் தாய்க்கும் அதே ஹார்மோன், அதே வேலை.

பிறந்த கன்று வயிற்றைப் பொறுத்தவரை நம்மைப் போலத்தான் இருக்கிறது. நான்கு அறையும் உண்டு, ஆனால் வேலை செய்வது கடைசி அறை மட்டும். பால் ஊட்டும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு தசைவாய்க்கால் மடிந்து குழாயாகி, பாலை முதல் அறைகளுக்குள் விடாமல் நேராகக் கடைசி அறைக்குக் கொண்டுபோகிறது. கன்று புல்லைக் கொறிக்க ஆரம்பித்த பிறகுதான் முதல் அறை பெருகுகிறது. வளர்ந்த பசுவின் இடது பக்கம் முழுவதையும் அது பிடித்துக்கொள்கிறது. ரூமன் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். பெருவயிறு என்று சொல்லலாம். நம் இரைப்பை ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கொள்ளும். பெரிய கலப்பினப் பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும்.

நார்ச்சத்தைச் செரிக்கிற நொதி நம்மிடம் இல்லை. பசுவிடமும் இல்லை. சொன்னால் பலர் நம்புவதில்லை. புல்லையும் வைக்கோலையும் செரிப்பது பெருவயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாவும் மற்ற நுண்ணுயிர்களும். இட்லி மாவு பானையில் புளிப்பது போல, அங்கே காற்றில்லாமல் தீவனம் புளித்துக்கொண்டே இருக்கிறது. புளிப்பில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களைப் பெருவயிற்றின் சுவர் உறிஞ்சுகிறது. பசுவுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கு அதுதான். குளுக்கோஸாகக் குடலிலிருந்து கிடைப்பது மிகக் கொஞ்சம். வேண்டியதைக் கல்லீரல் தயாரித்துக்கொள்கிறது. பசுவின் இரத்தச் சர்க்கரை 50, 60 என்ற அளவில் இருப்பது இயல்பு. நமக்கு அந்த அளவு வந்தால் வியர்த்து மயங்கிவிடுவோம்.

பிறகு அந்த நுண்ணுயிர்களே தீவனத்தோடு கடைசி அறைக்குப் போய்ச் செரிக்கப்படுகின்றன. பசுவுக்குப் புரதம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அந்த அறையில் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்க லைசோசைம் என்ற நொதி சுரக்கிறது. நம் கண்ணீரிலும் அந்த இனத்து நொதிதான் இருக்கிறது. அதை அலெக்சாண்டர் பிளெமிங் 1922-இல் உலகுக்கு அறிவித்தார். நம் கண்ணைக் கிருமியிடமிருந்து காக்கிற பொருளை மாடு சோறு செரிக்கப் பயன்படுத்துகிறது. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புளிப்பு அளவு மீறாமல் காப்பது உமிழ்நீர். நமக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டரோ ஒன்றரையோ சுரக்கிறது. பசுவுக்கு 100 லிட்டரைத் தாண்டும். அதில் சோடா உப்பு கலந்திருக்கிறது. அமிலத்தை அது முறிக்கும். மாடு நார் உள்ள தீவனத்தை அசைபோட்டால்தான் அவ்வளவு உமிழ்நீர் ஊறும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிற மாடுதான் நல்ல மாடு.

இப்போது ஒரு சட்டி சோற்றை அந்தப் பெருவயிற்றுக்குள் கொட்டிப் பாருங்கள். சோற்றை மெல்ல வேண்டியதில்லை, உமிழ்நீர் ஊறாது. மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும். ஒருவகை பாக்டீரியா மட்டும் பல்கிப் பெருகி, தயிரைப் புளிக்க வைக்கிற அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். நார் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அமிலம் உடம்பின் தண்ணீரையெல்லாம் பெருவயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு இரத்தத்திலும் ஏறும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், கண் குழிவிழும், புளித்த நாற்றத்தோடு கழியும், நடை தள்ளாடும், படுத்தால் எழாது. ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் மருந்தகத்துக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். வருஷமெல்லாம் உழைத்த மாட்டுக்கு ஆசையாகக் கொடுத்தோம் டாக்டர் என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். அவிழ்ந்துகொண்ட மாடு அரிசி மூட்டையில் வாய் வைத்திருக்கும். பலாப்பழக் காலத்திலும் இப்படி வரும். அவர்கள் அழும்போது நான் திட்டியதில்லை. இலையில் வைத்து ஊட்டும் பொங்கல் ஒரு கைப்பிடி இருக்கட்டும், சாமிக்கும் மாட்டுக்கும் அது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நல்ல பச்சைப்புல்லைக் கட்டுக்கட்டாகப் போடுங்கள். தெரியாமல் நிறையத் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், தின்ற அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வர 1962-க்குப் போன் செய்யலாம்.

பெருவயிறு வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். உள்ளிருந்து ஓர் அலை வந்து கையைத் தள்ளிவிட்டுப் போகும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் நலம். வராவிட்டால் ஏதோ கோளாறு.

இரண்டாவது அறையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உட்சுவர் முழுவதும் ஆறுமூலைக் கட்டம் போட்ட சிறிய பை அது. மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்து, சரியாக மெல்லாமல் விழுங்கும். பிறகு நிதானமாக அசைபோடும். நம் வாயில் ஒரு கல் பட்டால் உடனே துப்புகிறோம். மாடு ஆணியையும் கம்பித் துண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். கனமான பொருள் அந்த இரண்டாவது அறையில் தங்கும். அறை சுருங்கும்போது கம்பி சுவரைக் குத்தும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதற்கும் முன்னால் சில விரற்கடைத் தூரத்தில் இதய உறை. கம்பி அங்கே ஏறினால் உறைக்குள் சீழ் கட்டும். பிறகு மாட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

இதற்கு அறிகுறி உண்டு. மாடு முதுகைக் கூன்போட்டு, முன்னங்கால் முழங்கைகளை நெஞ்சிலிருந்து விலக்கி நிற்கும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்க மறுக்கும். படுக்கும்போது முனகும். திமிலுக்குப் பின்னால் முதுகுத்தோலைக் கையால் இறுக்கிப் பிடித்தால், நல்ல மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். கம்பி குத்திய மாடு தாழ்த்தாது, முனகும். அலைதாடியில் நீர் கோத்து வீங்கினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். ஆரம்பத்திலேயே பிடித்தால், மாட்டை நிற்க வைத்தே இடது விலாப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, பெருவயிற்றைத் திறந்து, கையை விட்டுக் கம்பியை எடுத்துவிடலாம். வாய்வழியாகக் காந்தம் ஒன்றை உள்ளே அனுப்பி, இரும்பை அது பிடித்துக்கொள்ளச் செய்கிற வழியும் இருக்கிறது. வீடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாடு மேய்ப்பவர்கள், கூரை வேய்ந்த மிச்சக் கம்பியைத் தீவனக் கட்டோடு போட்டு வைப்பவர்கள், இன்று வீட்டுக்குப் போனதும் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை பாருங்கள். மாடு கூனி நிற்பது போல் சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் கலைந்ததும் என்னிடம் வாருங்கள், காலையில் வந்து பார்க்கிறேன்.